எனக்குத் திறக்குதே

ஓர் அலுவலகத்தில் பில் போடும் மென்பொருளைச் சர்வரில் நிறுவி, எல்லோரும் அங்கிருந்தே பயன்படுத்தும்படி செய்கிற வேலை புதிதாக வந்த கணினிக்குக் கிடைத்தது. அதற்காக நிர்வாகியின் கடவுச்சொல்லையும் அதனிடம் கொடுத்திருந்தார்கள். அது மென்பொருளை நிறுவி, திறந்து பார்த்தது. உடனே திறந்தது.

"எல்லாம் தயார்!" என்று அறிவித்தது.

பக்கத்து மேஜையிலிருந்த பழைய கணினி முயன்றது. 'அனுமதி இல்லை' என்று வந்தது.

"தம்பி, எனக்குத் திறக்கலையே."

"எனக்குத் திறக்குதே! உங்களுக்கு வயசாயிடுச்சு பெரியவரே, அதான்."

பிரிண்டர் கடகடவென்று சிரித்தது. "பில் போடத் தெரியாத பெட்டியெல்லாம் காயலான் கடைக்குத்தானாம். முதலாளி சொன்னாரு."

பழைய கணினி பயந்துபோனது. தன்னையே அணைத்துவிட்டு, மறுபடி எழுந்து முயன்றது. அதே பதில்தான்.

"உங்க பேர்லயே நான் திறந்து காட்டுறேன், பாருங்க" என்று புதிய கணினி தன் இடத்திலிருந்தே பழைய கணினியின் பெயரில் உள்ளே போகப் பார்த்தது. 'அனுமதி இல்லை' என்றது சர்வர்.

புதிய கணினிக்கு அப்போதுதான் புரிந்தது. தான் நுழைந்திருந்தது நிர்வாகியின் பெயரில்; நிர்வாகிக்கு எல்லாமே திறக்கும். மற்றவர்களுக்கு அனுமதி கொடுக்க அது மறந்தே போயிருந்தது. இப்போது சத்தமில்லாமல் கொடுத்தது.

"அட, திறந்துடுச்சு!" என்றது பழைய கணினி. "என் கோளாறுக்கு உன்னைப் பாடுபடுத்திட்டேன். மன்னிச்சுக்கப்பா."

"தம்பி கை பட்டதும் சரியாயிடுச்சு, பாத்தீங்களா!" என்றது பிரிண்டர்.

புதிய கணினி தன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது.