நாயில்லாத வீட்டுக்கு நாய்த்தீனி

டொய்ங்… டொய்ங்… என்று ஏதோ ஓர் இசை. நடுநடுவே ஒரு குரல்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"முக்கியம்னா எடுத்துத் தொலைங்களேன்" என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே.

சாப்பாட்டு மேசைமேல் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கையில் கிரெடிட் கார்டோடு உட்கார்ந்திருந்தார் மீட்டர்க்காரர். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாய்க் கதவைத் தட்டி மின்சார மீட்டர் பார்த்தவர். வேலைதான் ஓய்வு பெற்றது, பட்டப்பெயர் ஓய்வு பெறவில்லை.

காலையில் கடையில் கார்டு வேலை செய்யவில்லை. அதுதான் பேங்க்குக்குப் போன்.

இசை நின்றது. ஒரு பெண் பேசினாள்.

"வணக்கம் சார். உங்க கார்டுல செலவு கொஞ்சம் வழக்கத்துக்கு மாறா இருக்கு. சில கேள்வி கேக்கலாமா?"

"தாராளமா கேளும்மா."

"வீட்டுல நாய் வளக்கறீங்களா சார்?"

"இல்லையேம்மா."

"ஒன்பது மாசமா, மாசம் ரெண்டு மூட்டை நாய்த்தீனி வாங்கியிருக்கீங்க."

"அது மேல்வீட்டு டீச்சரோட நாய்க்கு."

"கைக்குழந்தை?"

"என் பொண்ணுக்கே முப்பத்துநாலு வயசும்மா."

"போன மாசம் மட்டும் எட்டு பாக்கெட் டயாப்பர் வாங்கியிருக்கீங்க சார்."

"அது எதிர்வீட்டு நர்ஸம்மா குழந்தைக்கு. கீழ்வீட்டு டெய்லருக்கு சர்க்கரை மாத்திரை. எல்லாரும் காசைக் கையில குடுத்துடுவாங்க. நான் கார்டுல வாங்கிக் குடுப்பேன். பாயிண்ட் எனக்கு!"

பெருமையாகத்தான் சொன்னார். காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"சார், அடுத்தவங்களுக்கு வாங்கிக் குடுத்துப் பாயிண்ட் சேக்கறதை எங்க விதிமுறை அனுமதிக்காது. உங்க கணக்கை மூடறோம். பாயிண்டும் ரத்தாயிடும்."

"ஐம்பத்தாறாயிரம் இருக்கும்மா! இன்னும் நாலாயிரம் வந்தா ரெண்டு விமான டிக்கெட். பொண்ணு வீட்டுக்குப் போகணும். பேத்தியை இன்னும் போன்லதான் பாத்திருக்கோம்."

மறுமுனையில் அவள் எதையோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சிடுங்க சார். அது என் கையில இல்ல… வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம்மா. நீ சாப்பிட்டியா?"

வைத்துவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தாள் மனைவி. "பாயிண்ட் பாயிண்ட்னு பேயா அலைஞ்சீங்க. மூணு வீட்டுக்கும் சம்பளமில்லாத ஆள் மாதிரி மூட்டை தூக்கினீங்க. அவங்களும் நல்லா வேலை வாங்கினாங்க!"

திட்டில் வழக்கமான சூடு இல்லை. அதைக் கவனிக்கும் நிலையிலும் அவர் இல்லை. எழுந்துபோய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஓய்வு பெற்ற புதிதில் ஆறு மாசம் அதே நாற்காலிதான். குளிக்கச் சொன்னால் குளிப்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். மற்றபடி மின்விசிறியைப் பார்ப்பார். ஒருநாள் மேல்வீட்டு டீச்சர் வந்து, "கடைக்குப் போக நேரமே இல்ல சார். உங்க கார்டுல வாங்கிட்டு வந்தீங்கன்னா பாயிண்டாவது உங்களுக்கு மிஞ்சும்" என்று சொன்னபிறகுதான் எழுந்தார். அதன்பிறகு கால் தரையில் நிற்கவில்லை.

இப்போது மறுபடியும் நாற்காலி. மூன்று நாள் ஓடியது. கன்னமெல்லாம் வெள்ளை முள்.

நாலாம் நாள் காலை, வாசலில் டீச்சரின் குரல். அடங்கிய குரல்தான். ஆனால், சாத்தின கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று முப்பத்தொரு வருஷம் காது கொடுத்துப் பழகினவருக்கு அது போதும்.

"சார் இன்னும் எழுந்திரிக்கலையாக்கா?"

"இல்ல டீச்சர். எல்லாம் என்னாலதான். அவரை வெளிய அனுப்ப ஒரு சாக்கு வேணும்னு உங்க மூணு பேர்கிட்டயும் நான்தானே வந்து நின்னேன்? அதுவே கார்டுக்கு வினையாப் போச்சு. பேத்தியைப் பாக்கறதும் போச்சு."

"எங்களுக்கு என்னக்கா சிரமம்? கடை வண்டியே வாசல்ல கொண்டுவந்து இறக்கிட்டிருந்தது. அதை வேண்டாம்னு சொன்னோம், அவ்வளவுதானே. இனிமே பழையபடி வரச் சொல்லிடவா?"

மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மீட்டர்க்காரர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேண்டுமென்றே இருமினார். பலமாக, இரண்டு தடவை. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் வேண்டுமே.

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன டீச்சர், நாலு நாளா உங்க நாய் பட்டினியா? பணத்தைக் குடுங்க. இனிமே எல்லாம் ரொக்கம்தான்."

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "அதான் பாயிண்ட் கிடையாதே!"

"இல்லாட்டி என்ன? இவங்களுக்கெல்லாம் கடைக்குப் போக ஏது நேரம்? நான் இல்லன்னா தவிச்சுப் போயிடுவாங்க, பாவம்."

டீச்சர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"வர்ற வழியில ரெண்டு ரயில் டிக்கெட்டுக்கும் சொல்லிட்டு வந்துடறேன். போய்ச் சேர ரெண்டு நாள் ஆகும். ஆகட்டும், பேத்தி எங்கயும் ஓடிடமாட்டா."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழ்வீட்டுக் கதவைப் பழைய பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"டெய்லரே, மாத்திரை இருக்கா, தீர்ந்துடுச்சா?"