இருபது நிமிஷம்

"போன மாசம் மாட்டின எல்லாத்தையும் கழட்டி, வண்டியைப் பழையபடி ஆக்கிடுங்க" என்றார் பிக்கப் வண்டிக்காரர்.

மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது. இன்ஜினுக்குப் பலம் கூட்டப் பெரிய டர்போ, அந்தப் பலத்தைத் தாங்க ஆட்டோ கியர்பாக்ஸுக்குத் தனிக் கூலர் என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்த டீசல் வண்டி அது.

"கியர் மாறும்போது இடிக்குதா?"

"வெண்ணெய் மாதிரி மாறுது."

"மேடு ஏறத் திணறுதா?"

"பறக்குது. ஒரு மணி நேரப் பாதை நாற்பது நிமிஷத்துல முடிஞ்சிடுது."

"அதுக்குத்தானே அண்ணே கேட்டீங்க?"

"கேட்டேன். என் பொண்ணு அசந்துபோகணும்னு ஆசைப்பட்டேன்." அவர் பானெட்டைத் தடவினார். "அவ அம்மாவும் நானும் பிரிஞ்சாச்சு. வாரா வாரம் ஹாஸ்டல்லேர்ந்து அவளை அம்மா வீட்டுல கொண்டுவிடுற அந்த நேரம் மட்டும்தான் கோர்ட்டுல எனக்குக் கொடுத்தது. அதுல இருபது நிமிஷத்தை நானே தொலைச்சுட்டேன்."

"மெதுவா ஓட்டினாப் போச்சு."

"ஓட்டிப் பார்த்தேன். 'மிதிங்கப்பா, அம்மா காத்திருப்பாங்க'ங்கறா. வண்டியால முடியாம இருந்தப்போ அவ அவசரப்படுத்தினதே இல்லை. வழி முழுக்கக் கதை பேசிக்கிட்டே வந்தா."