ஜப்பான் வண்டி சொன்ன சேதி

ஒரு கழுதை, நரியிடமிருந்து பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியது. நல்ல சிவப்பு, தரையை நக்குகிற உயரம். பிரேக்கை மிதித்தால் போதும், உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் தேனாகப் பேசும். ஆசீர்வாதம்தான் என்று முடிவுகட்டிய கழுதை, குரல் கேட்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வண்டியோ வைக்கோல் போரில் முட்டித்தான் நிற்கும். "சீமை வண்டின்னா அப்படித்தான் நிக்கும்" என்று நரி சொல்லியிருந்தது.

ஜப்பான் பக்கமிருந்து வலசை வந்திருந்த உள்ளான் குருவியைக் கழுதை ஒருநாள் சவாரிக்கு ஏற்றிக்கொண்டது. ஏரிக்கரைச் சரிவில் பிரேக்கை மிதித்ததும் குரல் வந்தது. கழுதை கன்னத்தில் போட்டுக்கொண்டது. உள்ளானுக்கு இறகெல்லாம் குத்திட்டு நின்றது.

போரில் மோதி நின்றபின், வாய் நிறைய வைக்கோலோடு கழுதை கேட்டது: "என்னப்பா சொல்லுது என் மகாலட்சுமி?"

"அண்ணே... 'தொந்தரவுக்கு மன்னிக்கணும், பிரேக் சுத்தமா பிடிக்கலை. உயிர்மேல ஆசையிருந்தா இறங்கிடுங்க'ன்னு கெஞ்சுது."

கழுதை ஒரே தாவலில் வண்டியைவிட்டுக் குதித்தது.

அந்நேரம் பார்த்து எருமை வந்து வண்டியை ஆசையாய்த் தடவியது. "பேசுதாமே! என்ன அண்ணே சொல்லுது?"

கழுதை வைக்கோலை மென்று விழுங்கியது. "உன்னைத்தான் விசாரிக்குது தம்பி. எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்கன்னு கேக்குது."

உள்ளான் கழுதையையே வெறித்துப் பார்த்தது. பனிக்காலம் முடிய நாளிருந்தும், அன்றைக்கே ஜப்பானுக்குப் பறந்துவிட்டது.