யார் கேட்டாலும் சொல்வதில்லை

கையில் குழந்தைப் பால் டின்னோடு தர்மேந்திரன் அந்தப் பழைய வீட்டின் கேட் முன்னால் நின்றான். பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். அப்படி ஒரு முகம்.

புந்தோங் வட்டாரத்தில் அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்கு நாற்பது வருடமாகச் சோறும் பாயும் கொடுக்கும் சங்கத்தின் வீடு அது. மனைவி ஷாமினி குழந்தையோடு இங்கேதான் பதுங்கியிருக்கிறாள் என்று அவனுக்கு நேற்றுதான் துப்பு கிடைத்தது. சங்கத்து வேன் கிளம்பிப் போகும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்தான்.

அந்தக் கேட்டின் கொக்கி புதிதாக வருகிற எவரையும் படுத்தி எடுத்துவிடும். இவன் கம்பிக்குள் கைவிட்டு, தூக்கி, இடப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினான். திறந்துகொண்டது.

"யாரு வேணும் தம்பி?" முன்னறை மேசையிலிருந்து கெர்ட்ரூட் கேட்டாள். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள்தான் தொடக்கத்திலிருந்தே அங்கே பொறுப்பாளர்.

"என் ஒய்ஃப் ஷாமினி, ஆண்ட்டி. சின்னச் சண்டைலா, கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. பிள்ளைக்குப் பால் கொண்டாந்தேன்."

சின்னச் சண்டையாம்! போன வாரம் அவள் கையை முறித்தது யாராம்?

"ஐசி குடுங்க."

அடையாள அட்டையை வாங்கிப் படித்தாள். தர்மேந்திரன், அப்பாவு மகன். படித்துவிட்டு அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அவனுக்கு என்னவோ போலிருந்தது.

"இங்க யாரு இருக்கா, யாரு இல்லன்னு நாங்க எவருக்கும் சொல்றதில்ல தம்பி. போயிட்டு வாங்க."

உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ வாயைப் பொத்தியது போலச் சட்டென்று நின்றது. அது தன் மகளின் குரல் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எங்கோ தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

முகத்திலிருந்த பாவமெல்லாம் எங்கே போனதோ! டின்னைக் கீழே போட்டான். சட்டைக்குள்ளிருந்து பாராங் கத்தியை உருவினான். ஓரடி நீளத்துக்குக் கூர் பளபளத்தது.

"ஏ கெழவி, வழிய விடு! இன்னிக்கு அவள இழுத்துக்கிட்டுப் போகாம விடமாட்டேன்."

கெர்ட்ரூட் எழுந்துபோய் உள்கதவை மறைத்து நின்றாள். அவன் பாராங்கை ஓங்கினான். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் நகரவில்லை.

"வெட்டணும்னா வெட்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால அப்பாவுன்னு ஒருத்தர் இதே மாதிரி பாராங்கோட வந்து இங்கதான் நின்னாரு. உள்ள யாரு இருக்கான்னு அவருகிட்டயும் நான் வாயத் தொறக்கல."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"எங்கப்பாவா? அவரு இங்க யாரத் தேடி வந்தாரு?"

"உன்னையும் உங்கம்மாவையும்தான், தம்பி."