மருமகனுக்கு மட்டும் திறக்கும் சுரங்கம்

"இண்டைக்கு மட்டும் உந்தத் தங்கச் சுரங்கத்தை வாயில எடுக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள் செல்லம்.

"நான் ஏன் எடுக்கப் போறன்?" என்றார் சோதிலிங்கம், சேட்டுக் கொலரைச் சரிசெய்தபடி.

"போன ரெண்டு சம்பந்தமும் எதாலை குழம்பினது? இந்தக் கெல்சென்கிர்ச்சனில இருந்த கரிச் சுரங்கத்தையே மூடிப்போட்டாங்கள். இல்லாத தங்கச் சுரங்கத்தை நீங்கள் ஏன் தோண்டுறியள்?"

சோபாவில் இருந்த புஸ்பவதி ஆமோதித்துத் தலையாட்டினார். சோதிலிங்கத்தின் அக்கா. குடும்பத்தையே ஜெர்மனிக்கு எடுத்துவிட்டவர். அவர் கொண்டுவரும் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் கிடையாது.

"தம்பி, ஆதிரைக்கு இது மூண்டாவது. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

"ஓம் அக்கா."

வுப்பர்டாலில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். தகப்பன் தில்லையம்பலம், தாய், நடுவில் கவிஷன். நல்ல வேலை, நல்ல கார், நல்ல சப்பாத்து. ஆதிரை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ரோல்ஸ் ஒரு சுற்று வந்தது.

"எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். பிள்ளைதான் முக்கியம்" என்றார் தில்லையம்பலம். தாலியே கட்டி முடிந்த மாதிரிப் புஸ்பவதியின் முகம் மலர்ந்தது.

மாப்பிள்ளையின் தாய்தான் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "நீங்கள் முந்தி ஓமானில இருந்தனீங்களாமே?"

செல்லம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓம். பாலைவனத்தில தண்ணி பவுசர் லொறி ஓட்டினனான்" என்று சோதிலிங்கம் ஆரம்பித்தார். "அங்கை ஒரு கறுத்த மலை. அதுக்குள்ள ஒரு தங்கச் சுரங்கம். மண்புயல் வந்து வாசலை மூடிப்போட்டுது. வருசத்தில ஒருக்கா, மலையின்ரை நிழல் எந்த இடத்தில விழுகுதோ அங்கைதான் வாசல். ஒரு அரபிக் கிழவர் எனக்கு மட்டும் கை காட்டினவர்."

"தம்பி" என்றார் புஸ்பவதி, அடிக்குரலில்.

போன இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் இந்தக் கட்டத்தில்தான் சப்பாத்தைத் தேடினார்கள். தில்லையம்பலம் தேடவில்லை. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அந்த இடம் உங்களுக்கு இன்னும் ஞாபகமிருக்கோ?"

"கண்ணை மூடினாத் தெரியும்."

"வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இடத்தைச் சொல்லேல்லை."

"உங்களுக்கு ஆதிரை ஒரே பிள்ளைதானே?"

இத்தனை வருடமாகச் சொல்லிவரும் கதையை ஒரு மனிதர் நம்பியது இதுதான் முதல் தடவை. சோதிலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது.

"அப்ப நாளைக் குறிப்பம்" என்றார் புஸ்பவதி அவசரமாக.

சோதிலிங்கம் தொண்டையைச் செருமினார். "ஒரு விசயம் சொல்ல மறந்திட்டன். அந்த வாசல் மருமகனுக்குத்தான் திறக்குமாம். கலியாணம் முடிஞ்ச கிழமையே தம்பியும் நானும் வெளிக்கிடவேணும்."

கவிஷன் அப்போதுதான் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். "முந்தி ஆரும் போயிருக்கினமோ, மாமா?"

"அந்தக் கிழவற்றை மருமக்கள் மூண்டு பேர் போனவை."

"பிறகு?"

"மூத்தவரின்ரை செருப்பு ஒண்டு மட்டும் திரும்பிக் கிடைச்சது."

தாயின் கையில் இருந்த ரோல்ஸ் தட்டுக்குத் திரும்பியது.

"எனக்கு வேலையில உர்லாப் தரமாட்டினம், அங்கிள்" என்றான் கவிஷன். மாமா உறவு அத்தோடு முடிந்தது.

"லீவு கேட்டுப் பாக்கலாம்தானேடா" என்று தகப்பன் இழுத்தார். தாய் அதற்குள் கைப்பையைத் தூக்கிவிட்டார்.

"எழும்புங்கோப்பா. எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை."

கார் போய் மறைந்ததும் புஸ்பவதி கோட்டை மாட்டினார். வாசலில் செல்லம் அவர் தோளில் சாய்ந்து விம்மினாள்.

"அழாதை செல்லம். பிள்ளையில ஒரு குறையும் இல்லை. என்ரை தம்பிக்குத்தான் விசர். இனி நான் சம்பந்தமே பேசமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

செல்லம் குசினிக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

ஆதிரை மெதுவாக வந்து தகப்பனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த மனுசன் நம்பினவுடன எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு, அப்பா."

"எனக்கு மட்டும் என்னவாம்? அந்தச் செருப்புத்தான் அந்தரம் ஆபத்துக்கு வந்து காப்பாத்தினது."

"பாவம் நீங்கள். இனி எல்லாரும் உங்களை விசரன் எண்டு சொல்லுவினம்."

"சொல்லட்டும். எனக்கு இனி ஆர் பொம்பிளை தரப் போகினம்? நீ வேண்டாம் எண்டு வாய் திறந்திருந்தா, ஏன் எதுக்கு எண்டு மாமி தோண்டியிருப்பா. பிறகு பான் நகரத்தில இருக்கிற உன்ரை முகுந்தையும் வெளியில இழுத்து, இந்தியப் பொடியன் எண்டு ரெண்டு பேரையும் கிழிச்சிருப்பா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "அம்மாவிட்ட எப்ப சொல்றது?"

"கொஞ்ச நாள் பொறு. கொம்மாவுக்கு நடிக்கத் தெரியாது. அக்கா ஒரு பார்வை பாத்தாலே எல்லாத்தையும் கக்கிப்போடுவா."

குசினிக் கதவு திறந்தது. மிஞ்சிய ரோல்ஸைச் சூடாக்கிக்கொண்டு செல்லம் வந்து நின்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை முகுந்தைச் சாப்பிட வரச் சொல்லு, பிள்ளை" என்றாள்.

பிறகு வாயைப் பிளந்துகொண்டிருந்த புருஷனின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு நடிக்கத் தெரியாதெண்டா, மூண்டு தரமும் மச்சாளின்ரை தோளில கிடந்து அழுதது ஆராம்?"