மீசை வைத்த அம்மா

மனாங் பூரிட்டாவைக் குழுவை விட்டு நீக்கிவிடுவது என்று மனோங் ஆன்செல்மோ முடிவு கட்டிவிட்டார். எத்தனை நாள்தான் பாவம் பார்ப்பது?

பிலிப்பைன்ஸின் இலோய்லோ ஊரில் ஒரு பேக்கரி மாடியில் சனிக்கிழமைதோறும் கூடுகிற இங்கிலீஷ் கதைக் குழு அது. மூத்த பெண்ணை மனாங் என்றும் மூத்த ஆணை மனோங் என்றும் கூப்பிடுவது அந்த ஊர் மரியாதை. எல்லாரும் எழுதி வந்து வாசிப்பார்கள். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தியே தலை நரைத்த ஆன்செல்மோ சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பார். யார் தாளில் சிவப்பு அதிகமோ, அன்றைக்குத் தின்பண்டச் செலவு அவர் தலையில். அது ஆன்செல்மோ போட்ட சட்டம்தான்.

மாதக்கணக்கில் அந்தச் செலவு மனாங் பூரிட்டாவுடையதாகவே இருந்தது. வரும்போதே ஓலையில் சுற்றிய இபோஸும் மாம்பழமும் கொண்டுவந்துவிடுவார். தோற்றுவிட்டு, சிரித்த முகமாய் அந்தச் சோற்றுப் பொட்டலங்களைப் பரிமாறுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் ஆன்செல்மோவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்னே என்ன? கிடப்பதற்கும் கிடத்துவதற்கும் இங்கிலீஷில் இருக்கிற வித்தியாசம் அந்த அம்மாளுக்கு ஏறவே இல்லை. எண்ணுகிற மாம்பழத்துக்கும் அளக்கிற தண்ணீருக்கும் ஒரே சொல்லைப் போடுவார். ஆணைப் பெண்ணாக்குவார், பெண்ணை ஆணாக்குவார். ஊர்ப் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல் என்பதால் எல்லாருக்கும் வருகிற வம்புதான் அது. ஆனால் நாலு வாரத்தில் போய்விடும். இவருக்குப் போகவே இல்லை.

கப்பல்காரன் வெண்டெலும்தான் இருக்கிறான். முழங்கால் கெட்டுப்போய்க் கரைக்கு வந்தவன், கதவை அடைக்கிற உடம்பு, கையெல்லாம் பச்சை குத்தியிருப்பான். வந்த புதிதில் அவன் தாளும் ரத்தக்களறியாகத்தான் இருந்தது. இப்போது வாரத்துக்கு வாரம் தெளிந்துகொண்டே வருகிறான்.

குழுவின் முதல் புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது. பூரிட்டா கதையையும் சேர்த்தால் ஊரே சிரிக்கும். நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடுவோம் என்று ஒரு மத்தியானம் ஆன்செல்மோ அவர் வீட்டுக்கே போனார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் தெரிந்த கொரியப் பிள்ளைகளுக்கு யாரோ இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு சுத்தமான இங்கிலீஷ். கிடப்பதும் கிடத்துவதும்தான் பாடம். ஆன்செல்மோவே அகராதியைத் திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்க்கிற இடம் அது. அந்தம்மாள் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாடம் முடிந்து திரும்பியது மனாங் பூரிட்டா.

வாசலில் நின்றவரைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. வேறு வழியில்லாமல் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கலந்து வைத்தார்.

"என்ன நாடகம் இது மனாங்? இத்தனை நாளா என்னை முட்டாளாக்கிட்டு இருந்திருக்கீங்க."

"நானும் வெண்டெலும் குழுவுக்கு வந்த முதல் நாள் அவன் வாசிச்சது ஞாபகம் இருக்கா மனோங்? செத்துப்போன அவன் அம்மாவைப் பத்தி. கதை பூரா அம்மாவை அவன், அவன்னே எழுதியிருந்தானே?"

ஞாபகம் இருந்தது. 'ஏம்ப்பா, உங்கம்மாவுக்கு மீசை உண்டா?' என்று ஆன்செல்மோ கேட்டதும், மாடியே விழுந்து விழுந்து சிரித்ததும்கூட.

"அன்னிக்குத் தோத்ததும் அவன்தான். எல்லாருக்கும் வாங்கி வச்சுட்டு, ஒரு வாய் திங்காம எந்திரிச்சுப் போனான். போற வழியில அந்தத் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில போட்டான். அவ்வளவு பெரிய ஆம்பளை கண்ணைத் துடைச்சுக்கிட்டே படி இறங்குறதை நான் பார்த்தேன்."

ஆன்செல்மோ காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"மறுவாரம் கெஞ்சித்தான் கூட்டிட்டு வந்தேன். அன்னிலேருந்து, போன வாரம் அவன் பண்ணின தப்பெல்லாம் இந்த வாரம் என் தாள்ல இருக்கும். கொசுறா ஒண்ணு சேர்த்துக்குவேன். நீங்க என்னைத் திட்டுறதைக் கேட்டுத்தான் அவன் கத்துக்கிட்டான்."

ஆன்செல்மோவுக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"புத்தகத்துல என் கதை வேண்டாம். இதைப் போடுங்க" என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு கசங்கின தாளை எடுத்து நீட்டினார். அன்று குப்பையில் விழுந்ததேதான். "ஆனா ஒண்ணு மனோங். பாவி இப்ப ரொம்ப நல்லா எழுதுறான். அவனைவிட ஒரு தப்பு கூடப் பண்றதுக்குள்ள எனக்கு உசிரு போகுது."

"இந்தச் சனிக்கிழமை தப்புப் பண்றதுலேருந்து நீங்க ஓய்வெடுத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆன்செல்மோ எழுந்து போனார்.

சனிக்கிழமை மனாங் பூரிட்டாவின் தாளில் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். வெண்டெலின் தாளில் நாலே நாலு. இன்றைக்கு நாம்தான் தோற்றோம் என்று அவன் மெதுவாக எழுந்திருக்கும்போது, ஆன்செல்மோ தடுத்து உட்காரவைத்தார். தானும் ஒரு கதை எழுதி வந்திருப்பதாகச் சொல்லி, தாளையும் சிவப்புப் பேனாவையும் அவன் கையில் கொடுத்தார். அந்தப் பேனா இன்னொருத்தர் கைக்குப் போய் யாரும் பார்த்ததில்லை.

வெண்டெல் படித்தான். ஒரு இடத்தில் சுழித்தான், இன்னொரு இடத்தில் சுழித்தான். அஞ்சாவது சுழியில் தயங்கித் தலை நிமிர்ந்தான்.

"தப்பா நினைக்காதீங்க மனோங். உங்க அம்மாவை அவன்னு எழுதியிருக்கீங்க."

மாடியில் எல்லாரும் ஆன்செல்மோ பக்கம் திரும்பினார்கள்.

"சரியாத்தான்ப்பா எழுதியிருக்கேன், எங்கம்மாவுக்குக் கொஞ்சம் மீசை உண்டு" என்று சொல்லிவிட்டு, தோற்பதற்கென்றே வீட்டிலிருந்து கொண்டுவந்த இபோஸ் பொட்டலங்களை ஆன்செல்மோ பையிலிருந்து எடுத்து அடுக்கினார்.