முதுகுச் சிலை

அந்த நாட்டை உருவாக்கிய தலைவர்களை அன்னியப் படையிடம் சிக்காமல் ஓர் இரவில் சதுப்பைக் கடக்க வைத்தவளின் முகத்தை எவரும் பார்த்ததில்லை. முதல் ஆள் அவள் முந்தானையைப் பிடிக்க, அவர் துண்டை அடுத்தவர் பிடிக்க, வரிசையாகப் பின்னால் நடந்தார்கள். தடம் தப்பிவிடும் என்று அவள் திரும்பவே இல்லை. கரை சேர்த்ததும் போய்விட்டாள். விடுதலை கிடைத்து வெகுகாலம் கழித்து அவளுக்கு வைத்த சிலை கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. முன்பக்கம் வெறும் கல். திரை விலகியதும் ஒச்சம்மாள் என்ற கிழவி வந்து சிலையைச் சுற்றிப் பார்த்தாள்.

"கொண்டைய வலப்பக்கம் வச்சிட்டீகளே. நான் எடப்பக்கம்ல போடுவேன்."

அன்று முதல் ஆளாக முந்தானையைப் பிடித்து நடந்த அதிபர் மேடையில் இருந்தபடி சிரித்தார். "நாந்தான் அவள்னு காலையிலயிருந்து வந்ததுல நீ அஞ்சாவது ஆளு, தாயி."

அவளும் சிரித்தாள். "சரிய்யா, நல்லாயிருங்க" என்று திரும்பி நடந்தாள். சிமெண்ட் தரையிலும் ஒவ்வோர் அடிக்கும் பெருவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் காலை ஊன்றினாள். அதிபரின் சிரிப்பு நின்றது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவள் முந்தானையைப் பிடித்தார். மிஞ்சியிருந்த இரண்டு தலைவர்களும் தள்ளாடி வந்து துண்டுகளைப் பிடித்தார்கள். பிறகு காவலர்கள், பேண்டு வாத்தியக்காரர்கள், சிற்பி, கூட்டம் மொத்தமும் ஆரவாரத்தோடு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள்.

ஒச்சம்மாள் திரும்பவில்லை.

"சத்தங்காட்டாம வாங்கய்யா" என்றாள்.